துப்பாக்கியில் சைலன்சர் மாட்டினால் தோளில் விழும் உதை உண்மையிலேயே குறையுமா?

பனிமலர் | ஆகஸ்ட் 2, இரவு 9:10

அனைவருக்கும் வணக்கம். நோர்வேயின் ட்ரொண்ட்ஹைமிலிருந்து எழுதுகிறேன். இதுவரை இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது உதவி தேவைப்படுகிறது.

முப்பது மணி நேர வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டேன். செப்டம்பர் 25 அன்று மூஸ் வேட்டை தொடங்குகிறது. (மூஸை அறியாதவர்களுக்கு: எருமையைவிட உயரமாக வளரும் காட்டு மான்.) கணவரின் ஊர்க் குழுவில் இந்த ஆண்டு எனக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மீதம் இருப்பது சுடும் தேர்வு. முதலில் 30 பயிற்சிச் சுடல்களைக் கணக்கில் காட்ட வேண்டும். பிறகு 100 மீட்டர் தொலைவில் உள்ள விலங்குருவத்தில் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளும் விழ வேண்டும்.

என் துப்பாக்கி டிக்கா டி3எக்ஸ் லைட், தோட்டா .308 வகை. எடை 2.9 கிலோ. நான் 52 கிலோ. முதல் நான்கு சுடல்கள் நன்றாகப் போகின்றன. எட்டாவது சுடலுக்குள் தோள் கன்றிவிடுகிறது. அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. சென்ற வாரம் பயிற்சியாளர் எனக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவை வைத்துவிட்டார். நான் விசையை இழுத்தேன், வெடிக்கவில்லை. ஆனால் குழல் ஒரு சாண் கீழே குனிந்தது. கண்ணையும் இறுக மூடியிருந்தேன். வெட்கமாக இருந்தது.

குழுவில் எல்லோரும் "லீடெம்பர் வாங்கு" என்கிறார்கள். ஒலி தணிப்பான் என்பது அதன் பொருள். நம் பேச்சில் சைலன்சர். கடைக்காரர் உதை பாதியாகிவிடும் என்று அடித்துச் சொன்னார். சத்தத்தைக் குறைக்கும் பொருள் உதையை எப்படிக் குறைக்கும்? துப்பாக்கி நீண்டுவிடுமே, பிர்ச் மரக் காட்டில் அதை எப்படிக் கையாள்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூத்தவன் | ஆகஸ்ட் 2, இரவு 10:32

தங்கச்சி, முதலில் வெட்கத்தை விடுங்கள். அந்தப் போலித் தோட்டாச் சோதனையில் குனியாத குழலை நான் அதிகம் பார்த்ததில்லை.

22 ஆண்டுகளாக நோர்வேயில் வேட்டைக்குப் போகிறேன். அதில் 16 ஆண்டுகள் சைலன்சர் இல்லாமல்தான். என் கருத்தைச் சொல்கிறேன்: குறைவது உதை அல்ல, சத்தம். காதில் இடி விழும்போது தோளில் விழுந்ததும் பெரிதாகத் தெரிகிறது. என் மருமகனுக்கு ஒருமுறை காதில் பஞ்சு அடைப்பானையும் அதன்மேல் காதுக் கவசத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். அதே துப்பாக்கி, அதே தோட்டா. "மாமா, இது மெதுவாக உதைக்கிறதே" என்றான். எதுவும் மாறவில்லை, அவன் காது மட்டும்தான் மாறியது.

அதனால் பணத்தைச் செலவழிக்கும் முன் தோள்கட்டையின் நீளத்தைச் சரிபாருங்கள். ஆறடி ஆளுக்கு அளவெடுத்த கட்டை உங்களுக்கு நீளம். நீளமான கட்டை தோளின் குழியில் உட்காராமல் புயத்தின் எலும்பில் உட்காரும். கன்றிப்போவது அங்கேதான்.

விசைக்கணக்கு | ஆகஸ்ட் 3, காலை 7:48

மூத்தவன் ஐயா சொன்ன தோள்கட்டை விஷயம் முழுக்கச் சரி. ஆனால் "குறைவது சத்தம் மட்டுமே" என்பதை ஏற்க முடியவில்லை. நான் தொழிலால் இயந்திரப் பொறியாளன், ஓய்வு நாட்களில் இலக்குச் சுடுபவன். கணக்காகவே போடுகிறேன்.

துப்பாக்கி உதைப்பதற்கு இரண்டு காரணங்கள். குண்டு முன்னே பாய்வது ஒன்று. குண்டின் பின்னாலேயே எரிந்த வெடிமருந்தின் வாயு பீறிட்டு வெளியேறுவது மற்றொன்று. பலர் இந்த இரண்டாவதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. தீபாவளி ராக்கெட்டை மேலே தள்ளுவது எது? அதே வாயுதான். குழல் வாய் ஒரு சிறிய ராக்கெட்டின் வாய்.

.308இல் 10.7 கிராம் குண்டு நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உந்தம் ஏறத்தாழ 8.8 அலகு (கிலோகிராம் மீட்டர்/நொடி). மருந்து 2.9 கிராம். அது வாயுவாகி வெளியேறும் வேகத்தைச் சராசரியாக நொடிக்கு 1200 மீட்டர் என்று கொண்டால் 3.5 அலகு. மொத்தம் 12.3. அதாவது தோளில் விழும் தள்ளலில் கால் பங்குக்கும் மேலே வாயுவின் வேலை.

ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து உங்கள் துப்பாக்கி 3.5 கிலோ இருக்கும். அது நொடிக்கு 3.5 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது. ஆற்றல் 21.6 ஜூல்.

இப்போது 400 கிராம் சைலன்சரை மாட்டுங்கள். வாயுவை மறந்துவிட்டு எடையை மட்டும் சேர்த்தாலே 19.4 ஜூலுக்கு இறங்குகிறது. இது அதே எடையுள்ள ஈயக்கட்டியைக் கட்டினாலும் கிடைக்கும் பலன். அடுத்ததுதான் முக்கியம். சைலன்சருக்குள் வரிசையாகத் தடுப்புத் தட்டுகள் இருக்கின்றன. பீறிட்டு வரும் வாயு அவற்றில் மோதி அவற்றை முன்பக்கம் தள்ளுகிறது. தட்டுகள் சைலன்சரோடும், சைலன்சர் மரையால் குழலோடும் பிணைந்தவை. ஆகவே அந்த மோதல் துப்பாக்கியையே முன்னால் இழுக்கிறது. மிஞ்சிய வாயுவும் வேகம் இழந்து நிதானமாக வெளியேறுகிறது. வாயுவின் தள்ளல் பாதியாகிறது என்று எடுத்துக்கொண்டால், 3.9 கிலோ துப்பாக்கியில் ஆற்றல் 14.3 ஜூல்.

21.6 எங்கே, 14.3 எங்கே. மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. கடைக்காரர் சொன்ன பாதி இது இல்லை. ஐயா சொன்ன பூச்சியமும் இல்லை.

மூத்தவன் | ஆகஸ்ட் 3, மாலை 6:05

தம்பி, கணக்கைத் தாளில் எழுதி இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். எடையும் வாயுவும் சேர்ந்தால் குறையத்தான் வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "பாதி" என்று நீங்கள் எடுத்துக்கொண்டது ஊகம்தானே? எல்லாச் சைலன்சரும் பாதி வாயுவைப் பிடிக்குமா?

விசைக்கணக்கு | ஆகஸ்ட் 3, இரவு 8:20

நியாயமான கேள்வி. பிடிக்காது. உள்ளே எத்தனை தட்டுகள், எவ்வளவு கொள்ளளவு, நடுத்துளை எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்து இது மாறும். உள்ளங்கையில் அடங்கும் குட்டைச் சைலன்சருக்கும் 22 சென்டிமீட்டர் நீளமானதற்கும் தோளே வித்தியாசம் சொல்லும். நடைமுறையில் சாதாரண வேட்டைத் தோட்டாக்களுக்கு 20 முதல் 35 விழுக்காடு உதை குறையும் என்று எண்ணிக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

எந்தத் தோட்டா என்பதும் சேர்ந்து வருகிறது. .300 வின்செஸ்டர் மாக்னத்தில் மருந்து நான்கரை கிராமைத் தாண்டுகிறது. அங்கே உந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வாயுவுடையது. அதனால் மருந்து அதிகமான தோட்டாவில் சைலன்சரின் பலனும் அதிகம்.

உதையை மட்டும் கொல்ல வேண்டுமென்றால், குழல் வாயில் மாட்டும் மசில் பிரேக் என்ற துளையிட்ட துண்டு இதைவிட வலிமையானது. அது வாயுவைப் பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் திருப்பிவிடுகிறது. உதை பாதியாவதெல்லாம் அங்கே நடக்கும். ஆனால் அந்த வாயுவோடு சத்தமும் சுடுபவர் காதுக்கும் பக்கத்தில் நிற்பவர் காதுக்கும் திரும்புகிறது. நாயோடு வேட்டைக்குப் போகிறவர்கள் அதை மாட்டவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாய் காதில் கவசம் போட்டுக்கொண்டா ஓடும்?

இன்னொன்று. சைலன்சர் மிஞ்சும் தள்ளலைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பரப்புகிறது. கையால் ஓங்கி அறைவதற்கும் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த ஜூல் கணக்கும் காட்டாது.

இளவல் | ஆகஸ்ட் 3, இரவு 8:41

.22 போன்ற சிறிய தோட்டாத் துப்பாக்கியில் மாட்டினால்?

விசைக்கணக்கு | ஆகஸ்ட் 3, இரவு 8:55

.22இல் மருந்து 0.1 கிராம் கூட இருக்காது. வாயுவின் பங்கு பத்தில் ஒன்று. உதையும் ஏற்கெனவே ஒன்றுமில்லை. அங்கே மாட்டுவது சத்தத்துக்காக மட்டும்தான், அதில் அது மிகச் சிறப்பாக வேலை செய்கிறது.

தெற்குத்தீவு | ஆகஸ்ட் 4, காலை 5:30

நியூசிலாந்திலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் உதையையே பேசுகிறீர்கள். பனிமலர் கேட்ட இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய கேள்வி. உதை ஒரு நொடி. கையாளுதல் நாள் முழுவதும்.

நான் தெற்கு ஆல்ப்ஸ் மலையில் தார் வேட்டைக்குப் போகிறவன். தார் என்பது நம் நீலகிரி வரையாட்டின் தூரத்து உறவான இமாலய வரையாடு. 1904இல் கொண்டுவந்து அயோராக்கி மலைப் பக்கத்தில் விட்டார்கள். அது பெருகிப் புல்வெளியை மேய்ந்து தீர்ப்பதால் இன்று வேட்டையாடிக் கட்டுப்படுத்த வேண்டியிருக்கிறது. நம் ஊரில் வரையாட்டைக் காப்பாற்றப் போராடுகிறோம், இங்கே அதன் உறவினத்தைக் குறைக்கப் போராடுகிறார்கள். முதல் தாரைப் பார்த்தபோது எனக்குச் சுட மனம் வரவில்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். துலாவின் நுனியில் கட்டிய சிறிய பாரம், அச்சுக்கு அருகில் உள்ள பெரிய பாரத்துக்கு ஈடாகும். சைலன்சர் துப்பாக்கியின் நுனியில் உட்காருகிறது. 400 கிராம்தான் என்று கடையில் சொல்வார்கள். கையில் ஏந்திப் பாருங்கள், ஒரு கிலோ கூடியதுபோல் முன்பக்கம் இழுக்கும்.

இதில் நன்மையும் இருக்கிறது. உதைக்கும்போது குழல் மேலே துள்ளுவது பெருமளவு அடங்கிவிடுகிறது. நுனிப் பாரம் துள்ளலை எதிர்க்கிறது. முன்பெல்லாம் சுட்டவுடன் ஸ்கோப்பில் வானம்தான் தெரியும். இப்போது விலங்கு ஸ்கோப்புக்குள்ளேயே இருக்கிறது. குண்டு எங்கே பட்டது, விலங்கு எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கண்ணால் பார்க்கிறேன். காயம்பட்டுத் தப்பிய விலங்கைத் தேடி இருட்டில் அலைந்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

கெட்டது: ஓடும் விலங்கைத் தொடர்ந்து குழலைச் சுழற்றும்போது அது தொடங்கவும் தாமதிக்கும், நிற்கவும் தாமதிக்கும். நின்றபடி கையில் ஏந்திச் சுடும்போது முதல் ஐந்து நொடி இந்தப் பாரம் குறியை நிலைப்படுத்தும். அதற்குமேல் இடது கை நடுங்கத் தொடங்கும். தோளில் மாட்டி நடக்கும்போது நுனி தலைக்கு மேல் நீண்டு எல்லாக் கிளையிலும் இடிக்கும்.

நீளத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. குழலின்மேல் பின்பக்கமாகவும் படர்ந்து உட்காரும் வகைச் சைலன்சர் ஒன்று. அதன் பாதி குழலை மூடியிருப்பதால் துப்பாக்கி 10, 12 சென்டிமீட்டர்தான் நீளும். பாரமும் கைக்கு நெருங்கி வரும். பின்லாந்திலும் பிரிட்டனிலும் இந்த வகை நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. மற்றது, குழலையே குட்டையாக வாங்குவது. .308இல் பத்து சென்டிமீட்டர் குறைந்தால் குண்டின் வேகம் நொடிக்கு 25, 30 மீட்டர் குறையும். 150 மீட்டருக்குள் சுடும் காட்டு வேட்டைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கடைசியாக, வெப்பம். பத்துப் பன்னிரண்டு குண்டுகள் தொடர்ந்து சுட்டால் சைலன்சர் அடுப்புக் கல்லாகிவிடும். அதிலிருந்து எழும் காற்று ஸ்கோப்புக்கு முன்னால் கானல்நீர்போல் அலைந்து இலக்கை ஆட்டிக் காட்டும். 30 பயிற்சிச் சுடல்களை ஒரே மூச்சில் முடிக்காதீர்கள். ஐந்து சுடுங்கள், தேநீர் குடியுங்கள், மறுபடி ஐந்து.

ஹூஸ்டன்வாசி | ஆகஸ்ட் 4, இரவு 7:15

டெக்சஸிலிருந்து ஒரு மாற்று அனுபவம். இதுவரை பேசியது எல்லாமே ஒவ்வொரு சுடலுக்கும் கையால் போல்ட்டை (குழலின் பின்வாயை மூடித் திறக்கும் தண்டு) இழுக்கும் துப்பாக்கிகளைப் பற்றி. வாயுவால் தானே இயங்கும் அரைத்தானியங்கியில் கதை வேறு. அங்கே "சைலன்சர் உதையைக் குறைக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

நான் காட்டுப்பன்றிக்கு ஏஆர்-15 பயன்படுத்துகிறேன். இங்கே பன்றிகள் சோள வயலை ஒரே இரவில் உழுதுவிடும். இந்தத் துப்பாக்கியில் குழலிலிருந்து ஒரு சிறு துளை வழியாக வாயு பின்னே வந்து போல்ட்டைத் தள்ளுகிறது. சைலன்சர் மாட்டியதும் குழலில் அழுத்தம் இறங்கத் தாமதமாகிறது. தேவைக்கு மேல் வாயு பின்னால் வருகிறது. போல்ட் அவசரமாகத் திறந்து, வேகமாகப் பின்னால் ஓடி, முட்டி நிற்கிறது. முதல் முறை சுட்டபோது தோளில் ஒன்றுக்குப் பதில் இரண்டு இடி விழுந்ததுபோல் இருந்தது. அதோடு வெடிமருந்துப் புகை முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. பணத்தைக் கொட்டிக் கெடுத்துக்கொண்டோமே என்று மனம் வெந்தது.

பிறகு, வாயுவின் அளவைத் திருகிக் குறைக்கும் அமைப்பை ஆயுதக் கம்மியரிடம் கொடுத்துப் பொருத்தினேன். போல்ட்டின் பின்னோட்டத்தைத் தாங்கும் பஃபர் என்ற பாரத்தையும் கனமானதாக மாற்றினேன். அதன்பிறகுதான் எல்லோரும் புகழும் அந்த மென்மை கிடைத்தது. இப்போது வாயுவைப் பின்னே திருப்பாமல் முன்பக்கமாகவே வழிந்தோட விடும் சைலன்சர்களும் வந்துவிட்டன. சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அரைத்தானியங்கிக்கு அவை நல்ல தேர்வு. அமெரிக்க ராணுவம் 2022இல் தேர்ந்தெடுத்த 6.8 மில்லிமீட்டர் துப்பாக்கிக்குச் சைலன்சரையும் சேர்த்தே வாங்கியது. அதிலும் முகத்தில் புகை அடிப்பதைக் குறைப்பதற்கு முதலிடம் கொடுத்திருக்கிறார்கள்.

கைத்துப்பாக்கி இன்னொரு உலகம். பெரும்பாலான 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிகளில் சுடும்போது குழல் சற்றுப் பின்வாங்கிச் சாய்கிறது. அந்தக் குழலின் நுனியில் 250 கிராம் தொங்கினால் அது சாய மறுக்கும், அடுத்த தோட்டா ஏறாது. இதற்காகவே உள்ளே சுருள்வில் வைத்த பூஸ்டர் என்ற இணைப்பு உண்டு. சுடும் கணத்தில் மட்டும் அது சைலன்சரின் பாரத்தைக் குழலிலிருந்து பிரித்துவைக்கிறது. துப்பாக்கியே முக்கால் கிலோ இருக்கையில் கால் கிலோ கூடுவது பெரிய மாற்றம். துள்ளல் நன்றாக அடங்கும். ஆனால் சைலன்சரின் உடல் குறிமுள்ளை மறைத்துவிடும். உயரமான குறிமுள் மாற்ற வேண்டும். உறையிலும் நுழையாது.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1934 முதல் ஒவ்வொரு சைலன்சருக்கும் 200 டாலர் வரி இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூச்சியம். ஆனால் பதிவும் கைரேகையும் பின்புலச் சோதனையும் அப்படியே இருக்கின்றன. சில மாநிலங்களில் வைத்திருக்கவே கூடாது. யாரும் அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

கதிரொளி | ஆகஸ்ட் 4, இரவு 9:02

திரையில் "புஸ்" என்று கேட்கிறதே, அப்படி இருக்குமா? வீட்டிலேயே எளிதாக ஒன்று செய்துகொள்ளலாம் என்று நண்பர் சொன்னார், அது எப்படி?

நெறியாளர் | ஆகஸ்ட் 4, இரவு 9:20

கதிரொளி அவர்களே, வீட்டில் செய்வது பற்றி இங்கே பேச இடமில்லை. பல நாடுகளில் அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நடுத்துளை இம்மி விலகினாலும் குண்டு உள்ளே மோதிச் சிதறும், கை போகும். அந்த நாட்டுச் சட்டப்படி வாங்கிய பொருளைக் கையாள்வது பற்றி மட்டும் இந்த இழை தொடரட்டும்.

உங்கள் முதல் கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன். .308 குழல் வாயில் 160 டெசிபெலுக்கு மேல் சத்தம் எழுப்புகிறது. நல்ல சைலன்சர் அதில் 25 முதல் 30 வரை குறைக்கும். மிஞ்சுவது 135, 140. அது "புஸ்" இல்லை, சம்மட்டி அடி. ஒலியைவிட வேகமாகப் போகும் குண்டு வழியெல்லாம் எழுப்பும் சாட்டைச் சொடுக்கை எந்தச் சைலன்சரும் தொட முடியாது. ஒரே சுடலில் காதைக் கெடுக்கக்கூடிய எல்லை 140 டெசிபெல். எனவே காதுக் கவசத்தைக் கழற்ற வேண்டாம். ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் காப்புரிமை பெற்றபோது இதற்குச் "சைலன்சர்" என்று பெயர் வைத்ததிலிருந்தே இந்தக் குழப்பம் தொடர்கிறது. நோர்வேக்காரர்களின் "தணிப்பான்"தான் உண்மையான பெயர்.

பனிமலர் | ஆகஸ்ட் 16, மாலை 6:40

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக நீங்கள் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் மூத்தவன் அண்ணா சொன்ன தோள்கட்டை. பயிற்சியாளர் அளந்து பார்த்து, கட்டையின் பின்புறம் இருந்த இடைத்துண்டுகளைக் கழற்றிவிட்டார். இரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. அன்றே எலும்பில் விழுந்த அடி சதைக்கு வந்துவிட்டது. கன்றிப்போவது பாதியாகக் குறைந்தது. ஆனால் கண்ணை மூடுவது நிற்கவில்லை.

பிறகு குழுவில் உள்ள ஒரு பாட்டி (71 வயது, இன்னும் மூஸ் வேட்டைக்கு வருகிறார்) தன்னுடைய சைலன்சரை இரவல் கொடுத்தார். குழலின்மேல் படரும் வகை. என் குழலின் மரையும் அதன் மரையும் ஒன்றுதானா, நேராக உட்காருகிறதா என்று கம்மியர் ஒரு கம்பியை உள்ளே விட்டுச் சோதித்த பிறகே சுடச் சொன்னார்.

முதல் சுடல். என்ன சொல்வது? தோளில் விழுந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு தள்ளல், அடி இல்லை. நான் உடனே செய்தது என்ன தெரியுமா? ஸ்கோப்பில் இலக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அட்டையில் துளை விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். இதற்கு முன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, ஏனென்றால் அந்தக் கணத்தில் என் கண் திறந்திருந்ததே இல்லை.

குண்டு விழுந்த இடம் மாறியிருந்தது. 100 மீட்டரில் ஆறு சென்டிமீட்டர் கீழே, கொஞ்சம் இடப்பக்கம். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. ஸ்கோப்பைத் திருத்த ஒன்பது தோட்டாக்கள் செலவாயின.

அதன்பின் விசைக்கணக்கு அண்ணாவும் மூத்தவன் அண்ணாவும் வாதிட்டதை நானே சோதித்துப் பார்த்தேன். சைலன்சரைக் கழற்றிவிட்டு, காதில் அடைப்பானும் கவசமும் இரண்டும் போட்டுக்கொண்டு ஐந்து குண்டுகள் சுட்டேன். மூத்தவன் அண்ணா சொன்னது உண்மை, முன்பைவிட மெதுவாகத்தான் உதைத்தது. பிறகு அதே இரட்டைக் காப்போடு சைலன்சரை மாட்டி ஐந்து. மேலும் குறைந்தது, துள்ளலும் அடங்கியது. எனவே என் தோளைப் பொறுத்தவரை இருவர் சொன்னதும் சரி. இரண்டும் தனித்தனியாகக் கூடுகின்றன.

மூத்தவன் | ஆகஸ்ட் 16, இரவு 8:11

அருமையாகச் சோதித்திருக்கிறீர்கள். இத்தனை ஆண்டு வாதாடிய நான் அந்த ஒரு சோதனையைச் செய்ய நினைக்கவே இல்லை. குறைவது சத்தம் மட்டும்தான் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

குறி மாறும் விஷயத்தை நான் சொல்லியிருக்க வேண்டும், என் தவறு. நுனியில் பாரம் ஏறினால் குழல் அதிரும் விதமே மாறுகிறது. அதனால் விழும் இடம் மாறும். ஆனால் அதே சைலன்சரை அதே இறுக்கத்தில் மாட்டினால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் விழும். ஆகவே தேர்வுக்கும் வேட்டைக்கும் மாட்டியே போங்கள். "இன்று காடு அடர்த்தி, கழற்றிவிடலாம்" என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். ஆறு சென்டிமீட்டர் அட்டையில் சிறிது. நடந்துகொண்டிருக்கும் மூஸில் அப்படி இல்லை.

நடக்கும்போது மணிக்கு ஒருமுறை கையால் முறுக்கிப் பாருங்கள். சுடும் அதிர்விலும் நடை அதிர்விலும் மரை தளரும். தளர்ந்த சைலன்சரில் குண்டு தட்டை உரசும். வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே அலமாரியில் வைத்தால் உள்ளே தங்கிய ஈரமும் மருந்துப் புகையும் சேர்ந்து குழல் வாயைத் துருவாக்கித் தின்றுவிடும். எனக்கு ஒரு குழல் அப்படித்தான் போயிற்று. தனியாக, நிமிர்த்தி வைத்து, வெதுவெதுப்பான இடத்தில் காயவிடுங்கள்.

தெற்குத்தீவு | ஆகஸ்ட் 17, காலை 6:02

பனிமலர், கையாளுதல் எப்படி இருந்தது? நின்றபடி சுட்டுப் பார்த்தீர்களா?

பனிமலர் | ஆகஸ்ட் 17, இரவு 9:25

பார்த்தேன். நீங்கள் சொன்ன ஐந்து நொடி எனக்கு நான்கு நொடி. அதற்குமேல் குறுக்குக்கோடு இலக்கைச் சுற்றி வட்டம் போடுகிறது. பாட்டியிடம் சொன்னேன். "நின்று சுடுவதற்கு ஏன் ஆசைப்படுகிறாய்? மரம் எதற்கு இருக்கிறது?" என்று கேட்டார். இடது கையால் பிர்ச் மரத்தைப் பற்றிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் மரத்துக்கும் நடுவில் துப்பாக்கியை ஊன்றும் முறையைக் காட்டினார். சைலன்சர் மட்டும் மரத்தில் படக்கூடாது, பட்டால் குறி விலகும் என்றார். மாலையில் வீட்டில் வெற்றுத் துப்பாக்கியோடு, தோட்டா வேறு அறையில் இருக்க, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தினமும் பதினைந்து நிமிடம் பழகுகிறேன்.

பனிமலர் | செப்டம்பர் 5, பிற்பகல் 3:50

தேறிவிட்டேன். ஐந்தும் வட்டத்துக்குள். நான்காவது மட்டும் கோட்டை ஒட்டி விழுந்தது. அப்போது மூச்சை அடக்க மறந்துவிட்டேன்.

தேர்வுக்கு முன் பயிற்சியாளர் மறுபடி அந்தப் போலித் தோட்டாவை இடையில் செருகியிருக்கிறார். எனக்குத் தெரியாது. விசையை இழுத்தேன். "கிளிக்." குறுக்குக்கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

பாட்டியின் சைலன்சரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதே வகையில் ஒன்று வாங்கப்போகிறேன். புதிதை மாட்டியதும் ஸ்கோப்பை முதலிலிருந்து திருத்த வேண்டும், அதற்கு இருபது தோட்டாக்கள் எடுத்து வைத்திருக்கிறேன். 25ஆம் தேதி காலை ஆற்றங்கரையை ஒட்டிய நான்காவது நிலையில் எனக்கு இடம் தந்திருக்கிறார்கள். அங்கே பற்றிக்கொள்ள நல்ல மரம் இருக்கிறதா என்று நாளை போய்ப் பார்த்து வருகிறேன்.